பிந்தி வந்தோர் கொப்பி

ஏழு முப்பதுக்குத் தண்டவாளத் துண்டில்
இரும்பால் அடிப்பார் ஞானமுத்து அண்ணை.
கேற்றைச் சாத்துவது என் வேலை.
ஒட்டுசுட்டான் றோட்டில் அப்போதும்
நாலைந்து வெள்ளைச் சட்டைகள்
புழுதிக்குள் ஓடி வந்துகொண்டிருக்கும்.
சாத்திவிடுவேன்.

மாணவத் தலைவிச் சின்னம்.
நாற்பது தாள் கொப்பி.
திகதி, பெயர், வகுப்பு, காரணம் என்று
அடிமட்டம் வைத்துக் கீறிய நிரல்கள்.
எப்சிபா கீறினால் கோடு வளையாது என்பா
சமய பாட ரீச்சர்.

யானை நிண்டது.
பஸ் நிக்கேல்லை.
தங்கச்சியும் நானும் ஒரு சோடிச் சப்பாத்து,
அவவுக்கு இண்டைக்குச் சோதினை.
எல்லாவற்றையும் எழுதுவேன், ஒரே அளவு எழுத்தில்.

எட்டாம் வகுப்புக் கஜரூபனுக்கு
எப்போதும் ஒரே காரணம்:
"சைக்கிள் காத்துப் போட்டுது அக்கா."
பதினொரு தரம் எழுதினேன்.
பன்னிரண்டாம் தரம்
பேனை பாதியில் நின்றது.
அவனிடம் சைக்கிளே இல்லை.

ஒன்பதாம் கட்டளையை மீறியது யார்?
சொன்னது அவன்.
எழுதி வைத்தது நான்,
அதுவும் வடிவான கையெழுத்தில்.

ஜெபம் முடியும்வரை பிந்தினவர்கள்
கேற்றுக்கு வெளியே, பாலை மரத்தடியில்.
மண்டபத்துக்குள் முந்நூறு பேர் சொல்லும் பரமண்டல ஜெபம்
தகரக் கூரையில் மோதி, மைதானம் தாண்டி
அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் செல்லும்.
அவர்கள் அப்பம் கேட்கும்போது
நாங்கள் கடன் மன்னிப்புக்குப் போய்விடுவோம்.
கஜரூபன் சைவப் பிள்ளை.
திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்துக்கு இறங்கும்,
துடைக்கமாட்டான்,
கண்ணைத் திறக்காமல் கடைசிச் சொல் வரைக்கும் சொல்வான்.

ஒரு வெள்ளி வாசிப்பு எனக்கு வந்தது.
திராட்சைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்தவனின் கதை.
விடியப் போனவனுக்கும்
பொழுதுபடப் போனவனுக்கும் ஒரே சம்பளம்.
தடக்காமல் வாசித்தேன்.
மேடையால் இறங்கும்போதுதான் நினைத்தேன்:
அந்தத் தோட்டத்துப் படலையிலும்
ஒருத்தி கொப்பியோடு நின்றிருப்பாள்.
முதலில் முகம் சுளித்தவள்
அவளாகத்தான் இருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன்.
கச்சான் பிடுங்கிவிட்டு வந்து
நகத்துக்குள் மண் கிளறிக்கொண்டிருந்தவ சிரித்தா.
"பத்து மணிக்குப் போனா எங்களுக்கு அரைநாள் காசு.
அந்த மனிசன் மாங்குளத்திலை தோட்டம் செய்திருந்தால்
அடுத்த நாள் விடிய ஒருத்தரும் போயிருக்காயினம்."
பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டா,
"கடைசியா வந்தவைக்கும் வீட்டிலை பிள்ளையள் இருந்திருக்கும், என்ன?"

பிறகொரு செவ்வாய் நான் பிந்தினேன்.
ஏனென்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

கேற் சாத்தியிருந்தது.
உள்ளே மெர்லின்,
கையில் என் கொப்பி, நான் கீறிய கோடுகள்.
"காரணம்?" என்றாள், நிமிராமல்,
என்னுடைய குரலில்.

மரத்தடியில் கஜரூபன்
சேட்டை உள்ளே விட்டுக்கொண்டு நின்றான்.
என் சின்னத்தைப் பார்த்தான்.
செம்மண் அப்பிய சப்பாத்தைப் பார்த்தான்.
மெர்லினுக்கும் கேட்கும்படி கேட்டான்:
"காத்துப் போட்டுதோ அக்கா?"

நான் நடந்து வந்தவள்.
அவனுக்குத் தெரியும்.

"ஓம்" என்றேன்.
மெர்லின் எழுதினாள்.
அவன் அரை அடி தள்ளி
எனக்கு நிழல் விட்டான்.

ஜெபம் தொடங்கியது.
முன்வரிசையில் நின்று எத்தனை வருசம் சொன்னது,
இங்கிருந்து கேட்க
யாரோ அடுத்த வளவில் பேசுகிற மாதிரி.
அரை வரி பிந்தித்தான் பிடிக்க முடிந்தது.
பக்கத்தில் உடையத் தொடங்கிய ஒரு பொடியன் குரல்
எனக்காக வேகத்தைக் குறைத்தது.

உள்ளே ஆமென் முடிந்து
வாங்குகள் இழுபடும் சத்தம்.

எங்களிடம் இன்னும் கொஞ்சம்
ஜெபம் மிச்சமிருந்தது.