அடியெடுத்துக் கொடுத்தவன்

இருபத்தொரு வருஷம்
மேடைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இருந்தேன்.
தலை மட்டும் பலகைக்கு மேலே,
சிப்பி வடிவ மூடிக்குப் பின்னால்.
ஆர்ஹஸ் நகரத்தார் யாரும் என் முகம் பார்த்ததில்லை.
நான் பார்த்ததெல்லாம் காலணிகள்.
தியூராவுக்கு இடது குதிகால் தேய்ந்திருக்கும்.
'உப்புப் படகு' மூன்றாம் அங்கத்தில்
ஒரே இடத்தில், தினமும், அவளுக்கு மறக்கும்.
"கடலே, நீ கணக்கு..." என்பேன்.
மிச்சத்தை அவள் பிடுங்கிக்கொள்வாள்.

அந்த நாடகத்தைப் படமாக்க
வால்பியின் கண்ணாடிக் கொட்டகைக்கு
எங்களை ரயிலேற்றினார்கள்.
ஐந்து அங்கமும் நாற்பத்தொரு அட்டைக்குள் அடங்க வேண்டும்.
வாயில் இருந்ததைக் கைக்கு மாற்றிக்கொள்
என்றார் இயக்குநர் குட்மண்ட்.
மூன்றாம் அங்கத்து அறுபது வரிக்கு
நான் எழுதியது: கடல் என் மகனைக் கேட்டது.
நான்கு சொல்.
ஒன்றைக் குறைக்க முடியுமா பார், என்றார்.

ஜூலை வெயில்.
சிவப்பு படத்தில் கறுப்பாக விழுமென்று
எல்லார் முகத்திலும் மஞ்சள் அப்பியிருந்தார்கள்.
காமாலை கண்ட குடும்பம் ஒன்று
துக்கத்துக்குத் தயாராக நின்றது.
பக்கத்தில் அடுத்த படத்துக்கு மாளிகை கட்டுகிறான் ஒருவன்;
ஒப்பாரிக்கு நடுவே சுத்தியல்.
யாருக்கும் கவலையில்லை,
காமிராவுக்குக் காது கிடையாது.

தியூராவுக்கு அழுகை வரவில்லை.
பேச வேண்டாம், அழுதால் போதும் என்றார்கள்.
பேசாமல் எப்படி அழுவது என்று கேட்டாள்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் போய் முக்காலிக்குக் கீழே,
என் பழைய உயரத்தில், குந்தினேன்.
"கடலே, நீ கணக்கு..."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும்.
எங்கள் படங்களுக்கு முடிவு இரண்டு.
பையன் பிழைப்பது நமக்கு, ஸ்வீடனுக்கு, ஜெர்மனிக்கு.
சாவது ரஷ்யாவுக்கு;
சுபமாக முடிந்தால் அங்கே காசைத் திருப்பிக் கேட்பார்களாம்.
நாடகத்தில் ஒரே சாவுதான்.
எழுதிய பாதிரியார் உயிரோடுதான் இருந்தார்,
அவரிடம் யாரும் கேட்கவில்லை.
காலையில் சாவு, ரொட்டி தின்ற பிறகு உயிர்.
நடுவே, நனைந்த சட்டையோடு,
பையன் எஸ்கில் செர்ரிக் கொட்டைகளைத் துப்பிக்கொண்டிருந்தான்.

அந்தக் காலைச் சாவில்
அவள் நாடகத்தின் வரியைத் தாண்டிப் போய்விட்டாள்,
எனக்கு மனப்பாடமான கடலுக்கு அப்பால்.
வில்லாஸ், என்றாள். அப்படி ஒரு பாத்திரம் இல்லை.
கொல்லைக் கதவைத் தாழிடாமல் விட்டது
வேலைக்காரி இல்லை, நான்தான், என்றாள்.
அவளைத் துரத்தினோமே, மார்ச் மழையில்,
கணுக்கால் வீங்கியவளை, என்றாள்.
குளத்துப் பனி அன்று எவ்வளவு மெல்லிசு, என்றாள்.
ஆணி இறங்கிக்கொண்டே இருந்தது.
அற்புதம், இன்னும், இன்னும், என்றார் குட்மண்ட்,
வாயை மட்டும் கொஞ்சம் சின்னதாகத் திற.

வினாடிக்கு இரண்டு சுற்று,
என்கெல் கைப்பிடியை நிறுத்தவில்லை.
அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க
முதன்முறையாக என்னிடம் ஒன்றுமில்லை.

பிறகு முகம் கழுவினாள். வாளியில் மஞ்சள் தண்ணீர்.
குனிந்து பார்த்து,
நீ இன்னும் அங்கேதானா, என்றாள்.

கோபன்ஹேகனில் படம் ஓடியது.
மூன்றாம் வரிசையில்
காது கேளாதோர் பள்ளியின் ஆசிரியை ஒருத்தி,
வாயசைவைப் படிப்பவள்,
காதல் காட்சியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்:
கதாநாயகன் அவளைத் தழுவியபடியே
சம்பளப் பாக்கியைப் பற்றி முனகியிருந்தான்.
பையன் பிழைத்தான். தாய் ஓடி வந்தாள்.
ஆசிரியை தொப்பியைத் தேடத் தொடங்கினாள்.

மற்றது தகரப் பெட்டியில் ஒடெஸ்ஸா போனது.
உதடு டேனிஷ் பேசும், அட்டை ரஷ்யன் பேசும்.
யாரோ அழுதிருப்பார்கள், நன்றாகவே,
என் நான்கு சொல்லுக்காக.

சில இரவுகளில் அந்த அட்டையைத் திருத்துகிறேன்.
கறுப்பில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் ஓர் அலை.
கொல்லைக் கதவு, என்று தொடங்குவேன்.
அதோடு நிறுத்திக்கொள்வேன்,
மிச்சத்தை அவள் பிடுங்கிக்கொள்வாள் என்று.