பின்னணியை மங்கலாக்கு

பேர்ணாம்பட்டு. காலை பத்தே கால்.
மாடியில் நான்கு ஒர்க்ஸ்டேஷன்,
கீழே பதினொரு டிரம்.

முதலில் எதிரொலி.
இம்தியாஸ் சார் ஒரு ஹலோ சொன்னால்
மூன்று இம்தியாஸ் சார்கள் ஹலோ என்றார்கள்.
தெரிந்த சிக்கல்தான்.
ஒரே அறையில் இரண்டு மைக் விழித்திருந்தால்
ஒன்றின் வாய் இன்னொன்றின் காதில்.
அக்கவுண்ட்ஸ் மெஷினை ஊமையாக்கினேன்.

அப்புறம் கேமரா.
'வேறொரு செயலி பயன்படுத்துகிறது' என்றது.
எந்தச் செயலி என்று சொல்லாது,
வாசலில் செருப்பு கிடக்க
வீட்டில் ஆளில்லை என்று
கடன்காரருக்குப் பதில் வருவதுபோல.
பேட்டர்ன் வெட்டும் மென்பொருளுக்கு அடியில்
நேற்றிலிருந்து பதுங்கிக் கிடந்த ஒன்றை
இழுத்துப் போட்டு நிறுத்தினேன்.

படம் வந்தது, மேலே ஏறும் கறுப்புப் பட்டைகளோடு.
டியூப்லைட் ஐம்பதில் துடிக்கிறது.
கேமரா அறுபது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.
மாற்றினேன். பட்டை அடங்கியது.
என் வேலை பெரும்பாலும் இதுதான்:
வெளியூர்ப் பெட்டிக்கு
நம்மூர்க் கரண்டை அறிமுகம் செய்துவைப்பது.

போர்ச்சுகலில் விடிந்தும் விடியாமல்
ரெனாட்டா காத்திருந்தாள்.
"மாதிரியைக் காட்டுங்கள்."

முனிரத்தினம் அண்ணன் கீழிருந்து வந்திருந்தார்.
இரவெல்லாம் ஓடிய நாலாம் நம்பர் டிரம்மின் முதல் தோல்,
காக்னாக் பிரவுன், ஓரத்தில் இன்னும் ஈரம்.
இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

திரையில் தோல் இல்லை.
மங்கலோடு மங்கலாகப் போயிருந்தது.
அண்ணனின் முகம் இருந்தது, கழுத்து இருந்தது,
மணிக்கட்டுக்கு அப்பால்
விரல்கள் வருவதும் கரைவதுமாக.
சாயம் ஊறி ஊறி
இருபது வருடமாக வேறு நிறத்தில் இருக்கும் விரல்கள்.
ஆளோடு சேர்ப்பதா சுவரோடு சேர்ப்பதா என்று
மென்பொருள் தடுமாறியது.

"சத்தமே இல்லையே, ஆலை இன்று விடுமுறையா?"
பதினொன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.
மேசையில் டீ டம்ளர் நடுங்கியது.
இரைச்சல் நீக்கி அத்தனையையும் விழுங்கிவிட்டு
சாரின் இருமலை மட்டும்
சுத்தமாக அனுப்பிக்கொண்டிருந்தது.

இதுவும் தெரிந்த சிக்கல். இரண்டு டிக்கை எடுத்தால் போதும்.
ஆனால் போடச் சொன்னது சார்.
கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஃபினிஷிங் பிரிவு,
கையுறை வந்துகொண்டே இருக்கிற ஃபினிஷிங் பிரிவு,
மூன்று மாதமாக.

சாரைப் பார்த்தேன்.
சார் திரையில் இல்லாத தோலைப் பார்த்தார்.
பதினெட்டாயிரம் சதுர அடி.
"எடுப்பா."

எடுத்தேன்.
டிரம் சத்தம் மொத்தமும் ஒரே தள்ளாக உள்ளே வந்தது.
தோல் வந்தது, சுருக்கமும் ஒரு உண்ணி வடுவுமாக.
காலண்டர், ஏசியில் சொட்டும் தண்ணீர், கீழே வைத்த பக்கெட்.
கண்ணாடிக்கு அப்பால் தனபாக்கியம்
வெறுங்கையால் சாயம் ஒற்றியபடி நிமிர்ந்து
நேராக இந்தப் பக்கம் பார்த்தது.

ரெனாட்டா பேசவில்லை.
உறைந்துவிட்டதோ என்று கேபிளைத் தொட்டுப் பார்த்தேன்.
உறையவில்லை. இமைத்தாள்.
"நல்ல நிறம்" என்றாள்.
"சிவப்பை மட்டும் கொஞ்சம் குறையுங்கள்."

அது தோலின் சிவப்பு இல்லை,
கேமராவின் ஒயிட் பேலன்ஸ் என்று
நான் வாய் திறப்பதற்குள்
அண்ணன் தலையாட்டிவிட்டார்.
இன்னொரு இரவு, நாலாம் நம்பர்.

அழைப்பு முடிந்தது.
படி இறங்கப் போனவர் திரும்பி வந்து
திரைக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தார்.
"அப்போ எங்கப்பா பூட்ச்சி?"
"இங்கியேதாண்ணா இருந்துச்சு."

டிக்கை மறுபடி போடச் சொன்னார் சார்.
போட்டேன். பதிவேட்டில் எழுதினேன்:

மங்கலாக்கம் இயங்கும்போது கையில் உள்ள பொருள் தெரியாது.
சில நேரம் கையும்.
தற்காலிகத் தீர்வு உண்டு.
நிலை: முடிக்கப்படவில்லை.

அடுத்த அழைப்பு மூன்று மணிக்கு.
ரெனாட்டா இல்லை, வேறு யாரோ.