கோப்பையை ஆட்டு

மசீரா தீவுக்குக் கப்பல் ஏறும்போதே
ஸ்டெல்லாபாய் டீச்சர் பாடம் எடுத்தார்.
வலது கையால் வாங்கு. செருப்பை வாசலில் விடு.
யார் வீட்டிலும் எதற்கும் விலை கேட்காதே.
காப்பியைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ரய்யா வீட்டில் கைப்பிடியில்லாத சின்னக் கோப்பை,
ஏலக்காய் மணம், ஒரே மடக்கு.
அவள் தம்பி ஹுமைத் மறுபடி ஊற்றினான்.
குடித்தேன். ஊற்றினான்.
வேண்டாமென்றால் தப்பாகிவிடும் என்று நானும்
விருந்தாளி நிறுத்துமுன் தான் நிறுத்தக் கூடாதென்று அவனும்
ஒன்பது கோப்பை வரை மல்லுக்கட்டினோம்.
கடைசியில் ரய்யா சிரிப்பு தாங்காமல்
என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.
இப்படி. அவ்வளவுதான்.
போதும் என்று அர்த்தம்.

சோறு ஒரே தாம்பாளத்தில் வந்தது.
அஜிலன் தன் பக்கத்துக்கு விரலால் எல்லை போட்டான்.
எனக்கோ கண்ணை மூடினால் குளச்சல்:
காய்ந்த சுறா.
விசா கேட்காத ஒரே வாசம்.

மறுநாள் கையுறை, சாக்கு, ஒரு படிவம்.
பொருள். எடை. எங்கிருந்து வந்தது.
ஆமைகள் கரையேற இன்னும் மாதங்கள் இருக்கின்றன,
அதற்குள் மணலைக் காலி செய்து கொடுக்க வேண்டும்,
பிரசவ வார்டைக் கழுவி வைப்பதுபோல.
காற்று சொல்பேச்சுக் கேட்காத காற்று.
ஒற்றைச் செருப்புகள், பல்பு, பொம்மையின் கால்.
மூன்றாவது கட்டத்தில் எல்லாரும்
ஒரே பதிலை எழுதினோம்: தெரியாது.

நண்பகலில் அகப்பட்டது வலை.
பாதி மணலுக்குள். பச்சை நைலான்.
பதினொரு பேர் இழுத்தோம்,
ஏலேலோ சொல்லத் தெரிந்தது நான் ஒருத்திதான்.
ரய்யா அதை அரபியில் திருப்பிச் சொன்னாள்,
அர்த்தம் இல்லாததால் சரியாகவே வந்தது.
வலைக்குள்ளே ஓர் ஓடு இருந்தது.
வெறும் ஓடு. கழுத்து இருந்த இடத்தில் மூன்று சுற்றுக் கயிறு.

ஸுலஹ்ஃபா, என்றாள் மெல்ல.
ஆமை, என்றேன்.
உங்கள் ஊரில் இதைப் பற்றி என்ன சொல்வீர்கள், என்றாள்.
ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள்
என்று எந்த வாயால் சொல்வது,
ஆமை வீட்டுக்குள் புகுந்து கிடக்கும் வலையைப் பிடித்துக்கொண்டு?
நீந்தும், என்றேன். நன்றாக நீந்தும் என்று சொல்வோம்.

அப்போதுதான் மிதவையைப் பார்த்தேன்.
உப்பு தின்றது போக மிஞ்சிய சிவப்புப் பெயின்ட்:
'...மாதா'. கீழே ஒரு 2.
எங்கள் கரையில் பாதி வள்ளத்துக்கு அதுதான் பெயர்.
என்ன எழுதியிருக்கிறது, என்றான் ஹுமைத்.
டிசைன், என்றேன்.
உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

அப்பா ஒருமுறை வலையை அறுத்துவிட்டு வந்தார்.
காற்று சாய்த்த ராத்திரி.
வலையா ஆளா என்று கேட்டதாம் கடல்.
விடிந்து அவர் நனைந்து வந்து நிற்க,
அம்மா வலை எங்கே என்று கேட்கவில்லை.
பிறகு ஐந்து வருடம் கடன் கேட்டது.
நானும் கேட்டதில்லை
அது எங்கே போயிருக்கும் என்று.

இது அது இல்லை. அப்பாவுடையது நீலம்.
ஆனால் இதை அறுத்தவனும்
யார் வீட்டுக்கோ நனைந்து வந்து நின்றிருப்பான்.
வராமலும் இருந்திருப்பான்.

சாயங்காலம் தராசு. நாற்பத்தாறு கிலோ.
ஓட்டை ஹுமைத் தனியாகக் குழி தோண்டி வைத்தான்,
எடையில் சேர்க்க விடவில்லை.

ராத்திரி திரும்பவும் காப்பி வந்தது.
இரண்டாவதில் கோப்பையை ஆட்டினேன்.
ஹுமைத்துக்கு ஏமாற்றம்.
பிறகு ரய்யாவிடம் படிவத்தைத் திருப்பிக் கேட்டேன்.
தெரியாது என்பதன்மேல் ஒரு கோடு.
எங்கிருந்து வந்தது?

தமிழில் எழுதினேன்.
என்ன எழுதியிருக்கிறாய், என்றாள்.
இந்த முறை டிசைன் என்று சொல்லவில்லை.
சொல்லி முடிக்க நேரமானது,
அவள் இங்கிலீஷும் என் இங்கிலீஷும்
ஒன்றையொன்று நொண்டியபடி பிடித்துக்கொண்டு போனதில்.
கேட்டுவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அவர்கள் வீட்டு வாசலில்,
இருட்டில்,
அவள் அப்பாவின் வலையும் குவிந்து கிடந்தது.
பச்சை நைலான்.