முப்பத்தொன்றாம் திகதி வரை

பனி என்றே நினைத்திருந்தேன்.
நோர்வூட்டில் மார்கழியில்
வேறென்னதான் நினைப்பது?
எதிர்மலை அழிந்து போகும், பிறகு வரும்,
யாரும் அதைக் குறை சொல்வதில்லை.
முப்பத்து மூன்றை முப்பத்தெட்டென்று எழுதி
இல்லாத ஐந்து மூட்டைத் தேயிலையைக்
கொழும்புக்கு அனுப்பிவைத்த அன்றுதான்
லொறிக்கார நஸீர் சொன்னான்:
"அக்கா, பனி ஸ்டோருக்குள்ள வராது."

என் சம்பளத் துண்டின் அடியில் ஒரு வரி:
மருத்துவ நிதி, அறுநூறு.
இந்த வரிக்கு வரி இல்லை என்று
ஆபிஸில் பெருமையாகச் சொல்வார்கள்.
கைக்கே வராத காசுக்கு
எவன் வரி கேட்பான்?
வருசத்துக்குள் எடுக்காவிட்டால்
முப்பத்தொன்றாம் திகதி நாலு மணிக்கு
அதுவாகவே இல்லாமல் போகும்.
போன வருசத்தது போனது. அதற்கு முந்தியதும்.
நோய் வராததற்கு நான் கட்டிய அபராதம்.

முப்பதாம் திகதி லீவு போட்டு
டிக்கோயா வளைவுகளில் வயிற்றைப் பிடித்தபடி
ஹட்டன் போய் இறங்கினேன்.
கடைக்கு மேல்மாடி, இருட்டறை.
வெள்ளை அட்டையில் மூன்று காலுள்ள ஒரே எழுத்து
நிமிர்ந்து, கவிழ்ந்து, படுத்துக் கிடந்தது.
கால் எந்தப் பக்கம் என்று
சிங்களத்தில் கேட்டது அந்தப் பிள்ளை.
"வம" என்றேன். "தகுண" என்றேன்.
ஐந்தாம் வரிசையில்
எல்லாம் எறும்புக் கால்களாகி
அட்டையை விட்டு ஓடிவிட்டன.

பரிசோதனை ஆயிரத்து ஐந்நூறு, நிதி தரும்.
வில்லை ஐயாயிரத்து நானூறு, தரும்.
பிரேம் தராது.
பிரேம் அலங்காரமாம்.
அப்படியென்றால் வில்லையைப்
புருவத்தில் பசை போட்டு ஒட்டுவதா என்றேன்.
கடைக்காரர் சிரிக்கவில்லை. தினமும் கேட்பார் போல.
கைப்பையில் என் மகள் நிவேதிகாவின் கண்ணாடி கிடந்தது.
தேர்த் திருவிழாவில் வாங்கியது,
படம் எடுக்க மட்டும் போடுவது,
இளஞ்சிவப்பு, ஓரமெல்லாம் புள்ளி.
காது கழன்றதைப் பூட்டிவரச் சொல்லித் தந்திருந்தாள்.
"இதிலேயே போடுங்க."

திரும்பும் பஸ்ஸில் பனி இருந்தது.
நிஜப் பனி.
அது தன்பாட்டில் நகர்ந்தது,
தேயிலை தன்பாட்டில் நின்றது.
இரண்டையும் ஒன்றாய்க் குழைத்து வைத்திருந்தவள் நான்தான்.
லயத்துக் கூரையில் தகரம் பறக்காமல்
வைத்திருந்த கற்களை எண்ணினேன்.
பதினேழு.
அடுத்த கூரையில் எட்டு.
எட்டுத்தான், மூன்றில்லை.

மறுநாள் பன்னிரண்டரை.
நலன்புரி மேசையில் கமகே மாத்தயா
என் ரசீதை நீட்டிப் பிடித்தார்,
இன்னும் நீட்டினார், கை முடிந்துபோனது,
கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.
"முத்திரை தெளிவில்ல. காசு குடுக்க ஏலாது."
வாங்கிக்கொண்டேன்.
இளஞ்சிவப்பை மூக்கில் ஏற்றி
வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தேன்:
கடையின் பெயர், தெரு, பதிவு இலக்கம்,
நடுவில் நேற்றைய திகதி,
கொஞ்சம் சாய்வாக.

அவர் என்னைப் பார்க்கவில்லை.
யன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தார்,
அநேகமாகப் பனியை.

தட்டிலிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து
அவர் பக்கம் நகர்த்தினேன்.
"ஒன்றே காலுக்கு ஒரு பஸ் இருக்கு, மாத்தயா.
நாலு மணிக்குத்தானே சாத்துவீங்க."