அடியெடுத்துக் கொடுப்பவள்

மேடை விளிம்பில் ஒரு பொந்து, அதற்குள் என் தலை.
பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் தகரக் கூம்பு மறைக்கும்.
குத்தாயிசி நகர அரங்கில் பத்தொன்பது ஆண்டுகளாக
மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்கிறேன்.
பெயர் எலிசோ. சுவரொட்டியில் இருக்காது.

ஓதார் திபிலிசியிலிருந்து வந்த குளிர்காலத்தில்
மின்சாரம் மாலையில் இரண்டு மணி நேரம்தான்.
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி மேலங்கிகள்,
மேலங்கிகளுக்குள் நடிகர்கள்.
எல்லோருடைய பிரதிகளையும் வாங்கி
என் மடியில் அடுக்கினார்.
"வசனம் ஊரில் இல்லை. பிப்ரவரி வரை வராது."

நாடகம் முழுக்க என் மடியில் இருந்தது,
வேலைதான் இல்லை. காலுறை பின்னத் தொடங்கினேன்.

முன்பிருந்த இயக்குநர் வாலிக்கோ
தானே மேடையேறி அழுது காட்டுவார், சிரித்துக் காட்டுவார்.
ஒவ்வொரு பருவமும் எங்கள் மேடையில்
பதினொரு வாலிக்கோக்கள் நடமாடினார்கள்,
இரண்டு பேர் பாவாடையோடு.
இவரோ நாற்காலியை விட்டு எழுவதே இல்லை.

மகனைப் போருக்கு அனுப்பிய தாயாக லாமாரா.
ஒரு தொட்டி, ஒரு சட்டை. துவை, என்றார்.
ரியோனி ஆற்றிலிருந்து குராம் இரண்டு வாளி கொண்டுவருவான்,
மேலே பனிச்சில்லு மிதக்கும்.

முதல் நாள் மிகுந்த சோகத்தோடு துவைத்தாள்.
"துக்கத்தைத் துவைக்காதே. காலரைத் துவை."
மறுநாள் அழுதாள். அவர் புகைபிடிக்க வெளியே போனார்.
ஒன்பதாம் நாள் சட்டையைத் தூக்கி எறிந்து
"என்னதான் வேண்டும் உனக்கு, சொல்லித் தொலை" என்று கத்தினாள்.
"தெரிந்திருந்தால் உன்னை ஏன் கூப்பிட்டிருப்பேன்?"

எத்தனையாவது நாளோ,
துவைத்துக்கொண்டிருந்தவள் நின்றாள்.
ஒற்றை நூலில் தொங்கும் பொத்தானைப் பார்த்தபடி
கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.
எட்டு எண்ணினேன், ஒன்பது, பத்து.
பழக்க தோஷம், என் வாய் முந்திக்கொண்டது:
"யாரோ வருகிறார்கள், கதவைத் திற."

உறக்கத்தில் உலுக்கப்பட்டவள்போல் திரும்பினாள்.
எல்லாம் கலைந்தது.

ஓதார் எழுந்தார். முதல் முறையாக எழுந்தார்.
என் பொந்தருகே வந்து குந்தினார்.
திட்டுவார் என்று பின்னல் ஊசியை இறுகப் பிடித்தேன்.
"அவள் மறந்துவிட்டாள் என்று எப்படித் தெரிந்தது?"
"வாய் திறக்கவில்லையே."
"வாயை விடு. கழுத்தைப் பார்."

அன்றிலிருந்து எனக்கும் ஒத்திகை.
காலுறை குதிகாலோடு நின்றுபோனது.
மறந்தவர் எச்சில் விழுங்குவார், கண் தரையில் மேயும்.
குராமுக்குக் காது சிவக்கும்.
சும்மா இருப்பவருக்கோ மூச்சு அடிவயிற்றில் இருக்கும்,
அவசரம் எதுவும் இருக்காது.
இத்தனை காலம் எத்தனை மௌனங்களைக்
குரல்வளையில் பிடித்து நெரித்திருக்கிறேன்!

பிப்ரவரியில் வசனம் ஊர் திரும்பியது.
ரொட்டிப் பங்கீட்டுப் பட்டியல் வாசிப்பதுபோல்
என்னை வாசிக்கச் சொன்னார்.
ஈரக் கைகளோடு ஆளுக்கொன்றாய் வாங்கிக்கொண்டார்கள்.

முதல் காட்சி இரவு. பின்கட்டில் ஜெனரேட்டர் இடித்தது.
மூன்றாம் களத்தில் லாமாரா நின்றாள். பொத்தான்.
கழுத்தைப் பார்த்தேன். விழுங்கினாள்.
கண் சரிந்து பொந்துக்குள் என்னைத் தேடியது.

மறந்துவிட்டாள். நிச்சயம் மறந்துவிட்டாள்.
அடி என் நாக்கு நுனியில் இருந்தது.
கொடுக்கவில்லை.
ஏன் என்று கேட்டால் இன்றும் பதில் இல்லை.

இருபது. இருபத்தொன்று.
மாடத்தில் யாரோ இருமலைப் பாதியில் விழுங்கினார்கள்.
அப்போது, எந்தப் பிரதியிலும் இல்லாத ஒன்றைச் சொன்னாள்:
"தண்ணி சில்லுனு இருக்கு."
அதன் பின்னால் யாரோ வருகிறார்கள்,
கதவைத் திற.

திரை விழுந்ததும் நேரே பொந்துக்கு வந்து
என் கன்னத்தில் ஓர் அறை. கை இன்னும் ஈரம்.

ஓதார் பிரதியில் பென்சிலால் ஏதோ குறித்தார்.
"நாளைக்கும் அதே போல."
"மறந்ததை எப்படி மறுபடி மறப்பது?" என்றாள் லாமாரா.

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.
"காலை பத்து மணிக்கு.
குராம், வாளி."