மடிப்பு

ஆன்குத் நகராட்சி நூலகத்தின் மரக்கூரையில்
மூன்றாம் நாளாக மழை.
ரியோ காயேகோஸிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
எழுதியவர் நவேல் பார்ரியா,
கண்டத்தின் அடிக்கோடியில்
ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் இரவுப்பணி.

"உங்கள் வலைத்தளத்தில் கப்பல் முகவரின் பேரேடு, 1934.
இடப்பக்கம் என் கொள்ளுத்தாத்தாவின் பெயர்.
ஆட்டு மயிர் கத்தரிக்கத் தெற்கே போனவர்.
வலப்பக்கம், அதே வரியில், 'திரும்பினார்' என்கிறது.
அவர் மனைவி சாகும்வரை கறுப்புதான் உடுத்தினாள்.
தயவுசெய்து சரிபார்க்க முடியுமா?"

எதுவினா கார்கமோ திரையில் பக்கத்தைப் பெரிதாக்கினாள்.
மை தெளிவு. காகிதத்தின் நார்கூடத் தெளிவு.
நடுவில் மட்டும்,
இரண்டு பக்கங்களும் சேரும் இடத்தில்
விரலகல நிழல்.
புத்தகத்தை முழுக்க விரித்தால் தையல் விட்டுவிடும் என்று
ஸ்கேன் செய்த பையன் பயந்திருக்கிறான்.
நல்ல பையன்.

அந்த மொழியில் 'இல்லை' முன்னால் வரும்.
சொல்லி முடித்த பிறகு
வாலில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை.
வரியின் வாசலிலேயே நிற்கும்,
இரண்டே எழுத்து.
வலப்பக்கத்து வரிகளுக்கு
அந்த நிழல்தான் வாசல்.

கீழ்த்தளத்தில் பெட்டி தயாராக இருந்தது.
படியெடுத்தாயிற்று, வெளியேற்றலாம்,
வியாழன் லாரி என்று மேலே ஒரு சீட்டு.
அந்த அலமாரி போனால் ஆறு கணினி வைக்கலாம்.
பள்ளி விட்டதும் வரிசையில் நிற்கிற பிள்ளைகளை
எதுவினாவுக்குப் பெயர் பெயராகத் தெரியும்.
சீட்டில் இருந்ததும் அவள் கையெழுத்துதான்.

பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.
கைபேசியின் விளக்கை வாயில் கவ்வி
இரண்டு கட்டைவிரல்களால்
மடிப்பை மெல்ல, மிக மெல்ல விலக்கினாள்.
பழைய பசையின் வாசனை. ஒரு நூல் அறுந்தது.

முதல் வரி: *இல்லை*.
இரண்டாவது: *இல்லை*.
மூன்றாவதில் ஒன்றுமில்லை, வெறும் காகிதம்.
அதன்பின் மறுபடி *இல்லை*, *இல்லை*.
பதினொரு பேரில் ஏழு பேருக்கு
மடிப்புக்குள் அந்த இரண்டெழுத்து
வரிசையாக உட்கார்ந்திருந்தது.
மூன்று வருடமாக
ஏழு பேரையும் வலைத்தளம்
ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துகொண்டே இருந்திருக்கிறது.

ஒன்பதாவது வரி பார்ரியாவுடையது.
அங்கே எதுவும் இல்லை.
விளக்கைச் சாய்த்தாள். பக்கத்தைச் சாய்த்தாள்.
இல்லை என்பது இல்லை.
மனிதர் கப்பலிலிருந்து இறங்கியிருக்கிறார்.
இந்தத் துறையில்தான்,
வீட்டுக்கு நாலு மணி நேரத் தூரத்தில்.

மேலே வந்து
தலைப்புப் பட்டியலில் ஒரு குறிப்பு சேர்த்தாள்:
பக்கம் 61, மூலத்தைப் பார்க்க.
மீதி இருநூற்றுப் பன்னிரண்டு பேரேடுகளின்
மடிப்புகளை நினைத்தாள்.
சீட்டைக் கிழித்தாள்.
இயக்குநரிடம் என்ன சொல்வது என்று
இன்னும் தெரியவில்லை.
பேரேட்டை ஸ்கேனரின் மூடிமேல் வைத்தாள்,
இப்போதைக்கு அங்கேதான் இடம்.

பதில் எழுத அரைமணி ஆயிற்று.
"சரிபார்த்தேன். திரும்பினார்" என்பதற்குமேல்
எதை எழுதினாலும் அழித்தாள்.

இரவு பதினொன்றுக்கு நவேலின் மறுமொழி:
"நன்றி.
ஒருமுறை, இன்னும் ஒரே ஒருமுறை
பார்க்க முடியுமா?"

காலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல்
பேரேட்டைத் திறந்தாள்.
இந்தமுறை விளக்கு இல்லை.
கண்ணை மூடிக்கொண்டு
சுண்டுவிரலை மடிப்புக்குள் விட்டு
ஒன்பதாவது வரியின் தொடக்கத்தில்
பேனா அழுத்திய பள்ளம் ஏதும் உண்டா என்று
தடவிப் பார்த்தாள்.