ஈதோ

மாட்டுத்தாவணி பழமண்டி, இரவு இரண்டரை.
நத்தத்து லாரி இன்னும் வரவில்லை.
சிட்டைக்கு அடியில் ஒளித்திருக்கும்
நகலெடுத்த அகராதியை விரிக்கிறேன்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து
சில பேர் செய்து முடித்த மொழி.
நூறு வருஷத்துக்கு மேலாகிறது.
பெயர் ஈதோ.
பிள்ளை என்று பொருளாம்,
முன்னால் செய்த இன்னொரு மொழிக்குப் பிள்ளை.
என் காதில் மட்டும்
ஈது, ஓ எனப் பிரிந்து
'இதுதானா?' என்று கேட்கிறது.

மாங்கோ.
பக்கத்தில் வந்த வழி,
ஒற்றை எழுத்துகளில்
ஐரோப்பிய மொழிகள் மட்டும்.
கோபம் வரவில்லை.
நானும் அப்படித்தான் எழுதுகிறேன்:
வண்டி எண், டிரைவர் பெயர், இறக்கிய நேரம்.
எந்த மரம் என்பதற்குச்
சிட்டையில் கட்டம் கிடையாது.

கப்பல்காரன் கை நீட்டிக் கேட்டபோது
கரையில் நின்ற யாரோ
மாங்காய் என்றோ மாங்கா என்றோ சொல்லியிருக்க வேண்டும்.
பழம் என்று சொல்லவில்லை.
அவன் காயின் பேரைக் கொண்டுபோய்ப்
பழத்துக்கு வைத்தான்.
சரிதான்,
தூரத்துக்குப் போவதைக் காயாகத்தானே பறிப்போம்.
வாய் மாறி வாய் மாறி
வைக்கோலுக்குள் கிடந்ததுபோல் பழுத்து,
காம்பு உதிர்ந்த இடத்தில்
கடைசியாக ஓர் ஓ.

அந்த மொழியில்
பெயர்ச்சொல் எல்லாம் ஓ-வில் முடிய வேண்டும்.
விதி. முத்திரை குத்தியதுபோல.
இங்கே ஓ சேர்ந்தால்
இருப்பதும் ஆடிப்போகும்:
மழையோ.
அவரோ.

மூன்று பத்துக்கு லாரி.
சவரிமுத்து தார்ப்பாயை அவிழ்த்தார்.
கல்லாமை, எண்பது கூடை.
ஒச்சம்மா ஒன்றை எடுத்துக்
காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாள்.
பால் கசிந்தது.
ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கத் தோன்றி
"மாங்கோ" என்றேன்.
அவள் நிமிரவில்லை.
"மாங்காயோன்னு என்ன சந்தேகம்?
காய்தேன்.
நாலு நாள் கெடக்கட்டும்."

பேனா மூடியைக் கழற்றி
எண்பது என்று எழுதினேன்.
ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.
"எந்தத் தோப்பு?" என்று கேட்டேன்.
சவரிமுத்து கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்,
"யாருக்குத் தெரியும்,
எனக்கு முன்னாலயே மூணு கை மாறியிருச்சு."